குழந்தைங்க நல்லா இருக்காங்களான்னு ஒரு அரசு எப்படி அளக்கணும்? நாலு வழி, ஒரு ஒப்பீடு

"நம்ம மாநிலத்துக் குழந்தைங்க எப்படி இருக்காங்கன்னு வருஷா வருஷம் தெரியணும், அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணுங்க"ன்னு மேல இருந்து ஒரு வரி உத்தரவு வரும். கையில கொஞ்சம் பட்ஜெட், கூட ரெண்டு மூணு பேர், ஆறு மாச டைம். இந்த நெலமையில இருக்குறவங்க கேக்குற கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணுதான். பல நம்பர ஒரே மார்க்கா சேத்து இன்டெக்ஸ் போட்டு ரேங்க் விடலாமா, சட்டத்துலயே டார்கெட் எழுதலாமா, களப்பணியாளருங்க மாசாமாசம் எடுக்குற டேட்டாவையே வெச்சு ஓட்டலாமா, இல்ல குழந்தைங்ககிட்டயே நேரா போய் கேக்கலாமா?

நாலுமே நடைமுறையில இருக்குற வழிதான், நாலுக்கும் பல வருஷ அனுபவம் வெளியில இருக்கு. ஆனா இது ஏதோ புள்ளிவிவரக்காரங்க வேலைன்னு நெனச்சு அவங்க தலையில கட்டிட்டு நீங்க ஒதுங்கிடாதீங்க, ஏன்னா எத அளக்குறோமோ அதுக்குத்தான் நாளைக்கு காசு போகும், எத அளக்கலையோ அது கூட்டத்துல பேச்சுக்கே வராது. வருமானத்த அளந்தா பணம் குடுக்குற திட்டம் வரும், எடைய அளந்தா சாப்பாட்டுத் திட்டம் வரும், பரீட்சை மார்க்க மட்டும் அளந்தா ஸ்கூல கசக்கிப் பிழிவாங்க. அதனால முதல்ல எதெத வெச்சு எடை போடப் போறோம்னு பாத்துட்டு அப்புறம் ஒவ்வொண்ணா வரலாம்.

எத வெச்சு எடை போடுறது

முதல் கேள்வி, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்: நம்பர் வந்த மறுநாள் காலையில யாரு என்ன செய்யணும்? அந்த நம்பர பாத்து கையில காசும் அதிகாரமும் இருக்குற ஒரு ஆள் "சரி, இத மாத்துறேன்"னு கிளம்பணும். அப்படி ஒரு ஆளோட பதவிப் பேர உங்களால சொல்ல முடியலன்னா அந்த அளவீட்டுக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிங்க. நான் பாத்த வரைக்கும் பாதி ஏற்பாடுங்க இந்த இடத்துலதான் படுத்துடுது, அறிக்கை அழகா வரும், வெளியீட்டு விழா நடக்கும், அப்புறம் அது அலமாரிக்குப் போயிடும்.

ரெண்டாவது, யாரு விட்டுப் போறாங்க? வீட்டு சர்வேன்னா வீடு இல்லாத குழந்தையும் விடுதியில, காப்பகத்துல இருக்குற குழந்தையும் கணக்குல வர மாட்டாங்க. ஸ்கூல் சர்வேன்னா ஸ்கூலுக்கே வராத பிள்ளைங்க, அன்னைக்கு வேலைக்குப் போன பிள்ளைங்க வர மாட்டாங்க. கவலைப்பட வேண்டியது யாருக்காகவோ அவங்களேதான் முதல்ல விட்டுப் போறது, எந்த முறை எடுத்தாலும் இந்தப் பிரச்சனை இருக்கு, அளவுதான் வேற.

மத்தது சுருக்கமா: நம்பர் எவ்ளோ பழசு (இன்னைக்கு வர்ற அறிக்கை மூணு வருஷம் முன்னாடி நெலமையச் சொல்லலாம்), எவ்ளோ சின்ன இடம் வரைக்கும் இறங்கிப் பாக்க முடியும் (மாநில சராசரியா, மாவட்டமா, ஒரு தெருவா), நம்பர எவ்ளோ சுலபமா வளைக்க முடியும், அப்புறம் செலவு. செலவுன்னு சொல்லும்போது டெண்டர் தொகைய மட்டும் பாக்காதீங்க, ஃபார்ம் நிரப்புறவங்களோட நேரமும் செலவுதான், அது எந்த பட்ஜெட்லயும் எழுதப்படுறதில்ல.

வழி 1: எல்லாத்தையும் சேத்து ஒரே இன்டெக்ஸ், ரேங்க்

இதுக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் அமெரிக்காவுல ஆனி ஈ. கேசி ஃபவுண்டேஷன் 1990-ல இருந்து வெளியிடுற கிட்ஸ் கவுண்ட் டேட்டா புக். 2012-ல இருந்து அதுல 16 இண்டிகேட்டர் (அதாவது அளந்து பாக்குற விஷயம்), நாலு பிரிவு: குடும்பத்தோட பொருளாதாரம், படிப்பு, உடல்நலம், அப்புறம் குடும்பமும் சுத்துப்புறமும். 50 மாநிலத்துக்கும் ரேங்க். பத்திரிகைக்காரருக்கு ஒரு தலைப்பு கெடைக்கும், எதிர்க்கட்சிக்கு ஒரு கேள்வி கெடைக்கும், குழந்தைங்க பத்தி யாரும் பேசாத சட்டமன்றத்துல ஒரு நாளாவது பேச்சு நடக்கும். இத சாதாரணமா எடுத்துக்காதீங்க, கவனத்த இழுக்குறதுல ரேங்க்கு அளவுக்கு வேற எதுவும் கிடையாது.

நாடுங்க அளவுல யுனிசெஃப்போட இன்னொசென்டி ஆய்வு மையம் 2007-ல ஒரு அறிக்கை விட்டுச்சு, 21 பணக்கார நாடுகள ஆறு கோணத்துல பாத்து வரிசைப்படுத்துனாங்க, நெதர்லாந்து முதல் இடம், பிரிட்டன் கடைசி. பிரிட்டன்ல பெரிய அதிர்ச்சி, பல வாரம் அதே பேச்சு. ஆனா உள்ள போய் பாத்தா அதுல இருந்த டேட்டாவுல பெரும்பகுதி 2001, 2003 காலத்துது, அதனால அரசாங்கத்துக்கு "இது பழைய கதை, அதுக்கப்புறம் நாங்க நெறைய செஞ்சிட்டோம்"னு தப்பிச்சுக்க ஒரு வழி கெடச்சிடுச்சு. இன்டெக்ஸ்ல இது எப்பவும் நடக்கும், ஏன்னா பதினஞ்சு இருபது இண்டிகேட்டர சேக்கணும்னா அதுல ரொம்ப மெதுவா வர்றது எதுவோ அதுக்காக மத்த எல்லாம் காத்திருக்கணும்.

அத விட பெரிய சிக்கல், சேத்துக் கலக்குனதுல முக்கியமான விஷயம் மூழ்கிடும். யுனிசெஃப்போட 2020 அறிக்கையில ஜப்பான பாருங்க, உடல்நலத்துல முதல் இடம், மனநலத்துல 38 நாட்டுல 37-வது, மொத்தத்துல 20-வது. 20-ன்னு மட்டும் பாத்தா "சுமார்"னு தோணும். அந்த நாட்டு மந்திரி செய்ய வேண்டிய வேலை அந்த 37-லதான் இருக்கு, 20 அத மறைச்சிடுது.

எதுக்கு எவ்ளோ முக்கியத்துவம்ங்குற வெயிட்டேஜும் ஒரு தலைவலி. கிட்ஸ் கவுண்ட்ல எல்லா இண்டிகேட்டருக்கும் சம வெயிட்தான், எடை குறைவா பொறந்த குழந்தையும், வருமானத்துல பெரும்பங்கு வீட்டுச் செலவுக்கே போற வீட்டுல வளர்ற குழந்தையும் தராசுல ஒண்ணு. சமமா வெச்சாலும் அது ஒரு முடிவுதான், மாத்தி வெச்சாலும் முடிவுதான், வருஷா வருஷம் ரேங்க் இறங்குன மாவட்டம் அந்த முடிவப் பத்தித்தான் சண்டைக்கு வரும். உங்க குழுவுல ஒருத்தர் முழுநேரமா அந்த சண்டைக்கு பதில் எழுதிட்டே இருப்பாரு, இது மறைமுகச் செலவு. இன்னொண்ணு, ரேங்க்ங்குறது அடுத்தவன வெச்சு அளக்குறது, பக்கத்து மாநிலம் சறுக்குனா நீங்க எதுவுமே செய்யாம ஒரு படி ஏறிடுவீங்க, உங்க குழந்தைங்க அதே இடத்துலதான் இருப்பாங்க.

எப்போ இது சரி? நீங்க அரசுக்கு வெளியில இருந்து அழுத்தம் குடுக்குற அமைப்புன்னா இதுதான் உங்க ஆயுதம். அரசுக்கு உள்ள இருந்துகிட்டு இத முதல் வேலையா எடுக்குறது தப்புன்னுதான் நான் நெனைக்கிறேன்.

வழி 2: சில அளவுகோல், சட்டத்துல எழுதுன டார்கெட்

பிரிட்டன்ல 1999-ல பிரதமர் டோனி பிளேர் ஒரு தலைமுறைக்குள்ள குழந்தை வறுமைய ஒழிப்போம்னு வாக்குறுதி குடுத்தாரு. 2010-ல அது குழந்தை வறுமைச் சட்டமா வந்துச்சு, நாலு அளவுகோல், 2020-க்கு டார்கெட். ஏன் நாலுன்னு கேட்டீங்கன்னா இங்கதான் ஒரு நல்ல பாடம் இருக்கு. ரிலேட்டிவ் வறுமைன்னா நாட்டோட நடு வருமானத்துல (எல்லா வீட்டையும் வருமானப்படி வரிசையா நிறுத்துனா சரியா நடுவுல வர்ற வீட்டோட வருமானம்) 60 சதவீதத்துக்கு கீழ இருக்குற வீடு. 2008-ல வந்த பொருளாதாரச் சரிவோட தாக்கத்துல 2010-11-ல நடு வருமானமே இறங்குச்சு, கோடும் கூடவே இறங்குச்சு, பேப்பர்ல ஏழைக் குழந்தைங்க எண்ணிக்கை குறைஞ்சது! அந்த வீடுங்க நல்லா வந்ததால இல்ல, சுத்தி இருந்தவங்க கீழ வந்ததால. ஒரே அளவுகோல நம்புனா இப்படி ஏமாறுவோம், அப்படி ஆகக் கூடாதுன்னுதான் சட்டத்துல விலைவாசிக்கு ஏத்த மாதிரி மட்டும் நகர்ற கோடு ஒண்ணு, அத்தியாவசியப் பொருள் இருக்கா இல்லையான்னு பாக்குறது ஒண்ணு, பல வருஷமா வறுமையிலயே கெடக்குறாங்களான்னு பாக்குறது ஒண்ணுன்னு கூட வெச்சாங்க.

ஆனா 2016-ல இன்னொரு சட்டம் வந்து அந்த வருமான டார்கெட் எல்லாத்தையும் எடுத்துடுச்சு, வேலையில்லாத வீடு, படிப்புன்னு வேற அளவுகோலுக்கு மாறிட்டாங்க. மேலவையில கடுமையா எதிர்த்ததால வருமான நம்பர வருஷா வருஷம் வெளியிடுறது மட்டும் தப்பிச்சது. சட்டத்துல எழுதிட்டோம், இனி யாரும் தொட முடியாதுன்னு நெனக்கிறவங்க இத ஞாபகம் வெச்சுக்கோங்க. அதே சமயம் ஸ்காட்லாந்து 2017-ல தனக்குன்னு ஒரு சட்டம் போட்டு நாலு டார்கெட்டையும் 2030-க்கு திரும்ப கொண்டு வந்துச்சு, அதோட 2021-ல குறைஞ்ச வருமானக் குடும்பங்களுக்கு குழந்தைக்கு வாரம் 10 பவுண்டுன்னு ஆரம்பிச்சு 2022 முடியறதுக்குள்ள 25 பவுண்டு ஆக்குனாங்க. டார்கெட் சட்டத்துல இருந்ததாலதான் அந்தப் பணத்துக்கு பட்ஜெட்ல வாதாட முடிஞ்சது. ரிலேட்டிவ் குழந்தை வறுமைக்கு 2023-24-க்குன்னு வெச்ச இடைக்கால இலக்கு 18 சதவீதம், வந்தது 22. தோத்துட்டாங்கதான், ஆனா தோத்தது எல்லாருக்கும் தெரியுது, அடுத்து என்னன்னு கேக்க முடியுது.

இந்த வழியில எனக்கு ரொம்பப் புடிச்சது நியூசிலாந்தோட 2018 சட்டம். பத்து அளவுகோல், மூணு வருஷ இலக்கு, பத்து வருஷ இலக்கு, நம்பர வெளியிடுறது மந்திரி கையில இல்ல, அரசு புள்ளியியல் துறை தனியா வெளியிடணும், பட்ஜெட் வெக்குற அன்னைக்கே குழந்தை வறுமை பத்தின அறிக்கையும் வெக்கணும். இலக்கோட அளவ அரசு முடிவு பண்ணிக்கலாம், ஆனா இலக்கே வெக்காம இருக்க முடியாது. நான் முதல்ல கேட்ட "மறுநாள் காலையில யாரு" கேள்விக்கு இங்க பதில் இருக்கு, நிதியமைச்சர்.

மறைமுகச் செலவு என்ன? நம்பகமான வருமான சர்வே. நியூசிலாந்து அந்த சட்டத்துக்காகவே தன்னோட குடும்ப சர்வேய பல மடங்கு பெருசாக்கி சுமார் 20,000 வீடு வரைக்கும் போக வேண்டி வந்துச்சு, இல்லன்னா ஒரு வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் வர்ற வித்தியாசம் நெசமா, கேட்ட வீடுங்க மாறுனதால தற்செயலா வந்த ஆட்டமான்னே தெரியாது. அப்புறம் ஒரு கோடு போட்டா கோட்டுக்கு கொஞ்சம் கீழ இருக்குறவங்கள மட்டும் தூக்கி மேல விடுற ஆசை வரும், அடி ஆழத்துல இருக்குற குழந்தைக்கு செலவு ஜாஸ்தி, நம்பர்ல பலன் கம்மி. டார்கெட் வெக்குறவங்க அந்தக் கோட்டுக்கு கீழ இன்னொரு கோடு கட்டாயம் வெக்கணும்.

வருமானம்ங்குறது வேகமா நகர்ற அளவுகோல். அமெரிக்காவுல 2021-ல குழந்தைக்கான வரிச் சலுகைய பெருசாக்கி, ஆறு வயசுக்குள்ள இருந்தா வருஷம் 3,600 டாலர், அதுக்கு மேல 3,000 டாலர்னு, அதுல பாதிய மாசத் தவணையா குடுத்தாங்க. விரிவான வறுமைக் கணக்குப்படி 2020-ல 9.7 சதவீதமா இருந்த குழந்தை வறுமை 2021-ல 5.2-க்கு இறங்குச்சு, சலுகை காலாவதி ஆன 2022-ல 12.4-க்கு ஏறிடுச்சு. இவ்ளோ பளிச்சுன்னு ஒரு பாலிசியோட கைரேகை தெரியறது அபூர்வம். ஆனா அதே நாட்டுல 1,000 தாய்மார்கள வெச்சு நடந்த ஒரு ஆய்வுல ஒரு குழுவுக்கு மாசம் 333 டாலர், இன்னொரு குழுவுக்கு 20 டாலர் குடுத்தாங்க, குழந்தைங்களுக்கு நாலு வயசானப்ப மொழி, நடத்தை மாதிரி அளவுகள்ல ரெண்டு குழுவுக்கும் பெருசா வித்தியாசம் தெரியல. கோவிட் காலம், எல்லாருக்குமே அரசு பணம் வந்த நேரம், அதெல்லாம் இருக்கு. பசி இல்லாம இருக்குறதே ஒரு குழந்தைக்கு போதுமான நியாயம்னு நான் நம்புறேன், அதுக்கு மொழி டெஸ்ட்ல மார்க் ஏறணும்னு கட்டாயம் இல்ல. ஆனா வருமான நம்பர் ஒண்ண மட்டும் வெச்சுக்கிட்டு குழந்தை வளர்ச்சியும் சரியாயிடுச்சுன்னு சொல்லிடக் கூடாது.

வழி 3: களப்பணியாளர் பதிவேடு

ஏற்கனவே மாசாமாசம் எடை, உயரம் எடுக்குறாங்க, தடுப்பூசி பதியிறாங்க, அதையே சேத்து டாஷ்போர்டு ஆக்கிடலாமேன்னு தோணும். செலவு கம்மி, தெரு வரைக்கும் இறங்கும், டேட்டா சுடச்சுட வரும். இது சரியா நடந்தா எவ்ளோ பலம்ங்குறதுக்கு 1980-ல உலக வங்கி உதவியோட ஆரம்பிச்ச தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தச் சொல்லலாம். 6 மாசத்துல இருந்து 36 மாசம் வரைக்குமான குழந்தைங்கள மாசாமாசம் எடை போட்டு, ஏற வேண்டிய அளவு எடை ஏறலன்னா உடனே கூடுதல் சத்துணவு, சுமார் மூணு மாசம், தேறுனதும் நிறுத்திடுவாங்க, கூடவே அம்மாகிட்ட பேசுவாங்க. அளந்தவங்களும் செயல்பட்டவங்களும் ஒரே ஆள், நம்பருக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல ஒரு வாசப்படிதான் தூரம். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு கணிசமா இறங்குச்சு.

இப்போ இதே டேட்டாவ எடுத்து மேல இருக்குறவங்க கீழ இருக்குறவங்கள மார்க் போட பயன்படுத்துனா என்ன ஆகும்? கெட்ட நம்பர் எழுதுனா திட்டு விழும்னு தெரிஞ்ச நாள்ல இருந்து நம்பர் நல்லா வர ஆரம்பிக்கும். 2019-21 தேசிய குடும்பநல சர்வேயில இந்தியாவுல அஞ்சு வயசுக்குள்ள உயரத்துக்கேத்த எடை இல்லாத குழந்தைங்க 19.3 சதவீதம். அதுக்கப்புறம் அங்கன்வாடி செயலி வழியா வர்ற அரசு கணக்குல வர்றது அந்த 19.3-ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான். எல்லாமே பொய்க்கணக்குன்னு நான் சொல்ல வரல, வருஷம் வேற, மையத்துக்கு வர்ற குழந்தைங்க மட்டும் அதுல இருக்காங்க, வீட்டுக்கு வீடு போற சர்வே வேற. ஆனா இவ்ளோ பெரிய இடைவெளிய பாத்தும் பதிவேட மட்டும் நம்பி பாலிசி போடக் கூடாது.

அளக்குறதே எவ்ளோ நுணுக்கம்னு ஒரு தடவ உயரம் எடுக்குற குழுவோட போனப்பதான் எனக்குப் புரிஞ்சது. ரெண்டு வயசுக்குள்ள குழந்தைய பலகையில படுக்க வெச்சுத்தான் அளக்கணும், ஒருத்தர் தலைய புடிக்கணும், ஒருத்தர் முட்டிய மெதுவா அமுக்கி பாதத்த பலகையில சேக்கணும், குழந்தை கத்துது, கால உதறுது. 71.5 சென்டிமீட்டர் வந்துச்சு, பையன். எத்தனை மாசம்னு கேட்டா அம்மாவுக்கு சரியா சொல்ல வரல, கார்டு தொலைஞ்சிடுச்சு, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியான்னு யோசிக்கிறாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட 2006 அட்டவணைப்படி 12 மாசப் பையனுக்கு குட்டைன்னு சொல்ற எல்லை 71.0, 13 மாசத்துக்கு 72.1. அதாவது கல்யாணத்துக்கு பின்னாடி பொறந்திருந்தா அவன் நல்லா இருக்கான், முன்னாடி பொறந்திருந்தா வளர்ச்சி குன்றியவன். இத ஒரே ஆள், தனியா, சமையலும் ரெஜிஸ்டரும் தடுப்பூசி நாளும் பாத்துக்கிட்டு, அம்பது குழந்தைக்கு எடுக்கணும்னு எதிர்பாக்குறோம்.

மறைமுகச் செலவு முழுக்க அந்த ஆளோட நேரம். ஃபார்ம்ல ஒரு புது கட்டம் சேக்குறது டாஷ்போர்டுல உக்காந்திருக்குறவருக்கு ரெண்டு நிமிஷ வேலை, களத்துல அது ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கேள்வி, ஒவ்வொரு மாசமும். குழந்தையோட பேசுற, விளையாடுற நேரத்துல இருந்துதான் அது கழியும்.

என் அபிப்ராயம், இந்த டேட்டா கீழயே இருக்கட்டும், அந்தந்த குழந்தைக்கு சிகிச்சை குடுக்கவும் அந்த மையத்துக்கு பொருள் அனுப்பவும் பயன்படட்டும், மாநிலத்துக்கு மார்க் போட வேற ஒரு தனி சர்வே இருக்கட்டும்.

வழி 4: குழந்தைங்ககிட்டயே கேக்குறது

மேல சொன்ன மூணுலயும் குழந்தைய பத்தி பெரியவங்கதான் பேசுறாங்க. ஆனா ஒரு குழந்தை ஸ்கூல்ல அடி வாங்குதா, கூட பேச ஒரு ஆள் இருக்கா, வீட்டுக்குப் போக பயப்படுதான்னு எந்த வருமான சர்வேயிலயும் வராது. உலக சுகாதார நிறுவனத்தோட சேந்து பல நாட்டு ஆராய்ச்சியாளருங்க 1980-கள்ல இருந்து நாலு வருஷத்துக்கு ஒரு தடவ 11, 13, 15 வயசுப் பிள்ளைங்ககிட்ட ஸ்கூல்லயே கேக்குற ஒரு சர்வே இருக்கு. சில்ட்ரன்ஸ் வேர்ல்ட்ஸ்னு இன்னொண்ணு, 8, 10, 12 வயசு, அதோட மூணாவது சுற்றுல 35 நாட்டுல இருந்து 1,28,000-க்கும் மேல குழந்தைங்க பதில் சொன்னாங்க.

இதுல வழக்கமா ஒரு ஏணி படம் இருக்கும், கீழ 0, மேல 10, உன் வாழ்க்கை எந்தப் படியில இருக்குன்னு கேப்பாங்க. அப்படி ஒரு சோதனை சர்வேல உக்காந்திருந்தேன், ஒரு பத்து வயசுப் பொண்ணு பென்சில வெச்சுக்கிட்டு "இன்னைக்கு மட்டுமா, எல்லா நாளுமா?"ன்னு கேட்டுச்சு. பொதுவான்னு சொன்னோம். 8-ல புள்ளி வெச்சுச்சு, டீச்சர் பக்கத்துல நடந்து போனதும் கையால பேப்பர மறைச்சுச்சு, அவங்க தாண்டிப் போனதும் அழிச்சிட்டு 4-ல வெச்சுச்சு. டீச்சர் அறையில இருக்கக் கூடாதுன்னு அன்னைக்குத்தான் எங்க விதிமுறையில சேத்தோம்.

பலம், மத்த எதுலயும் வராத விஷயம் இதுல வரும். குறை, நாட்டுக்கு நாடு ஒப்பிடுறது கஷ்டம், ஏன்னா "நல்லா இருக்கேன்"ங்குறத சொல்ற பழக்கமே இடத்துக்கு இடம் வேற. அதனால அடுத்த மாநிலத்தோட ஒப்பிடாம உங்க மாநிலத்துக்குள்ளயே, பையனுக்கும் பொண்ணுக்கும், 10 வயசுக்கும் 14 வயசுக்கும், போன சுற்றுக்கும் இந்த சுற்றுக்கும் ஒப்பிடுங்க.

மறைமுகச் செலவுல இதுதான் ரொம்ப கனமானது. கேட்டா பதில் வரும். ஒரு குழந்தை "வீட்டுல ஒருத்தர் என்ன தொடுறாரு"ன்னு எழுதிட்டா அன்னைக்கே யாரு பாக்கணும், யாருகிட்ட சொல்லணும், அந்தக் குழந்தைய யாரு பாதுகாக்கணும்னு முன்கூட்டியே ஏற்பாடு இருக்கணும், பயிற்சி எடுத்த ஆள் இருக்கணும். அது இல்லாம கேக்கவே கூடாது. இந்தச் செலவ முதல் நாளே பட்ஜெட்ல போடுங்க.

இதுக்கும் பதிவேட்டுக்கும் நடுவுல ஒரு வழி உண்டு, டீச்சர் நிரப்புறது. ஆஸ்திரேலியாவுல 2009-ல இருந்து மூணு வருஷத்துக்கு ஒரு தடவ, ஸ்கூல் சேந்த முதல் வருஷக் குழந்தைங்க எல்லாரையும் பத்தி டீச்சருங்க அஞ்சு துறையில பதில் நிரப்புறாங்க. ஒரு துறையிலாவது பின்தங்குன குழந்தைங்க 2009-ல 23.6 சதவீதம், 2021-ல 22.0, 2024-ல 23.5. பதினஞ்சு வருஷம் கழிச்சு கிட்டத்தட்ட அதே இடம், வலிக்கிற நம்பர்தான், ஆனா ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியா வர்றதால உள்ளூர்ல முன்பள்ளி நடத்துறவங்க அத வெச்சு வேலை செய்ய முடியுது. அந்த டீச்சருங்க ஃபார்ம் நிரப்புற நேரத்துக்கு வகுப்ப பாத்துக்க மாத்து ஆளுக்கு அரசு காசு குடுக்குது, நேரம் செலவுன்னு ஒத்துக்கிட்ட ஒரு சில இடத்துல இது ஒண்ணு.

ஒரே பார்வையில

| | இன்டெக்ஸ் | சட்ட டார்கெட் | பதிவேடு | குழந்தைங்ககிட்ட கேக்குறது |
|---|---|---|---|---|
| மறுநாள் யாரு செயல்படணும் | தெளிவில்ல | நிதியமைச்சர், முதல்வர் | அங்க இருக்குற பணியாளர் | ஸ்கூல், குழந்தைகள் பாதுகாப்புத் துறை |
| டேட்டா வயசு | 2-5 வருஷம் | 1-2 வருஷம் | சில நாள் | சுற்றுக்கு 3-4 வருஷம் |
| எவ்ளோ சின்ன இடம் | மாநிலம், சில சமயம் மாவட்டம் | மாநிலம் | தெரு | ஸ்கூல் (சாம்பிள் பெருசா இருந்தா) |
| வளைக்க முடியுமா | வெயிட் மாத்தி | கோட்டுக்கு பக்கத்துல தள்ளி | ரொம்ப சுலபமா | டீச்சர் பக்கத்துல நின்னா |
| விட்டுப் போறவங்க | எல்லா மூலத்துலயும் விட்டுப் போனவங்க | வீடில்லாதவங்க, காப்பகக் குழந்தைங்க | மையத்துக்கு வராதவங்க | ஸ்கூலுக்கு வராதவங்க |
| மறைமுகச் செலவு | முறை பத்தின சண்டை | பெரிய வருமான சர்வே | களப்பணியாளர் நேரம் | பாதுகாப்பு ஏற்பாடு |

சரி, உங்களுக்கு எது

நீங்க அரசுத் துறைக்கு உள்ள இருக்கீங்க, மேல ஒரு முதல்வரோ நிதியமைச்சரோ உண்மையிலேயே ஆர்வமா இருக்காரு: ரெண்டாவது வழிய புடிச்சுக்கோங்க, தள்ளிப் போடாதீங்க, அந்த ஆர்வம் அடுத்த தேர்தல் வரைக்கும் இருக்கும்னு உறுதி இல்ல. நாலு அஞ்சு அளவுகோல் போதும், ஒண்ணாவது அடி ஆழத்துல இருக்குறவங்கள பாக்குறதா இருக்கட்டும், நம்பர வெளியிடுற அதிகாரம் தனி அமைப்புகிட்ட இருக்கட்டும், பட்ஜெட் நாளோட கட்டிப் போடுங்க.

அந்த அரசியல் ஆதரவு இல்ல, ஆனா மாவட்ட அளவுல உங்களுக்கு நல்ல களப்பணியாளருங்க இருக்காங்க: மூணாவது வழிய எடுங்க, ஆனா ஒரு நிபந்தனை, அந்த டேட்டாவுக்காக யாரையும் தண்டிக்க மாட்டோம்னு எழுத்துல குடுங்க, அதோட வருஷத்துக்கு ஒரு தடவ வெளி ஆள வெச்சு நூத்துல அஞ்சு குழந்தைய மறுபடி அளந்து பாருங்க. ஃபார்ம்ல புதுசா ஒரு கேள்வி சேக்கணும்னா பழசு ஒண்ண எடுத்துடுங்க.

12 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்கதான் உங்க கவலை, படிப்ப விடுறது, மனச்சோர்வு, வன்முறை இதெல்லாம்னா: நாலாவத தவிர வேற எதுவும் உங்களுக்கு உதவாது. சின்னதா, இருபது முப்பது ஸ்கூல்ல ஆரம்பிங்க, ஸ்கூலுக்கு வராத பிள்ளைங்கள தேடிப் போய் கேக்க தனியா ஒரு குழு போடுங்க, அது சாம்பிள்ல சேராட்டியும் பரவால்ல, தனி அத்தியாயமா எழுதுங்க.

வெளி அமைப்புன்னா இன்டெக்ஸ் போடுங்க, ஆனா மொத்த ரேங்க்கு பக்கத்துலயே ஒவ்வொரு பிரிவோட ரேங்க்கையும் அதே சைஸ் எழுத்துல போடுங்க.

காசு ரெண்டுக்கு இருக்குன்னா நான் ரெண்டாவதையும் நாலாவதையும் சேப்பேன். ஒண்ணு வீட்டுல காசு இருக்கான்னு வருஷா வருஷம் சொல்லும், இன்னொண்ணு அந்த வீட்டுல குழந்தை எப்படி இருக்குன்னு நாலு வருஷத்துக்கு ஒரு தடவ குழந்தை வாயால சொல்லும். ரெண்டும் வேற வேற திசையில போனா, அதாவது வருமானம் ஏறி ஏணிப் படி இறங்குனா, அங்க என்ன நடக்குதுன்னு ஆள் அனுப்பிப் பாக்கணும்னு அர்த்தம்.

எத தேர்ந்தெடுத்தாலும் கேள்வியோட வார்த்தைய பாதியில மாத்தாதீங்க. மாத்தியே ஆகணும்னா ஒரு சுற்று பழைய கேள்வி, புதுக் கேள்வி ரெண்டையும் கேளுங்க, சாம்பிள ரெண்டா பிரிச்சாவது. புது ஆட்சி வந்ததும் முதல்ல கை வெக்குற இடம் இதுதான், அளவுகோல மாத்திட்டா அதுக்கு முன்னாடி பத்து வருஷம் எடுத்த நம்பரோட எதையும் ஒப்பிட முடியாமப் போயிடும், அதுக்குள்ள அந்தக் குழந்தைங்க வளர்ந்து போயிருப்பாங்க.